இரண்டாவது கேசட்

போன மாதம் ஒரு பெண் என்னைச் சந்திக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். பெயர் கவிநயா. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். "அங்கிள், இது நீங்களா?" என்று ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். எங்கள் பழைய வார இதழின் பக்கம் அது. நூலகத்தில் நுண்படச் சுருளிலிருந்து எடுத்திருக்கிறாள். ஓரமெல்லாம் கறுத்துப்போய், நடுவில் மட்டும் எழுத்துத் தெளிவாக இருந்தது. 'கழுகுக்கண்' எழுதிய திரை விமர்சனம். பெயருக்கு மேலே முறைத்துப் பார்க்கும் ஒரு கண்ணின் படம் வேறு. அந்தக் கண்ணையும் நான்தான் வரைந்து கொடுத்தேன். இருபத்தாறு வயதில் மனிதனுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது பாருங்கள்.

அரை மணி நேரம் கழித்துத்தான் "ஆமாம்மா, நான்தான்" என்று பதில் போட்டேன். வேறு எந்த விமர்சனமாக இருந்தாலும் உடனே போட்டிருப்பேன், நான் குடியிருக்கும் பிடோக் வட்டாரம் முழுக்கக் காட்டியும் இருப்பேன். இத்தனை வருடமாக யார் கண்ணிலும் படக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரே விமர்சனத்தை அவள் தேடிப் பிடித்திருந்தாள்.

ஜாலான் புசாரில் ஒரு காப்பிக் கடையில் சந்திக்கலாம் என்றாள். போய்ப் பார்த்தால், எங்கள் இதழ் அலுவலகத்துக்குக் கீழே இருந்த அதே இரும்புச் சாமான் கடை. இப்போது காப்பிக் கடையாகிவிட்டது. திருகாணி வைத்திருந்த மர இழுப்பறைகளைக்கூட எடுக்கவில்லை, அழகுக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்து இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன், சீனிப் பொட்டலங்கள் இருந்தன. ஆனால் மரத்துக்குள்ளிருந்து இயந்திர எண்ணெய் வாசம் லேசாக வந்தது. சத்தியமாக வந்தது. அந்த வாசத்தில்தான் நாங்கள் வாராவாரம் இதழைத் தயாரித்தோம். நான் அங்கே போட்டுப்போன சட்டைகளை என் அம்மா தனி வாளியில்தான் ஊற வைப்பார்.

கவிநயா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். "அங்கிள், அந்தப் போலீஸ் படத்தப் பத்தி கிரிட்டிக்ஸ் என்ன சொன்னாங்க, ஆடியன்ஸ் என்ன சொன்னாங்கன்னு கம்பேர் பண்றேன். கிரிட்டிக்ஸ் கெடச்சிருச்சு. ஆடியன்ஸ்தான் ஒண்ணுமே கெடைக்கல. அப்ப ஆன்லைன் இல்லைல? எங்கயாச்சும் எழுதி வெச்சிருப்பாங்களா?"

"எழுதி வெச்சிருந்தாங்கம்மா. தேக்காவுல, ஒரு சுவத்துல."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

சுவர் காசிம் நானாவுடையது. தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறச் சந்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். இந்து, முஸ்லிம், சீனக் காய்கறிக்காரர் எல்லோருக்கும் அவர் நானாதான், அதாவது அண்ணன். கடைக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் பக்கத்துக் கடை மல்லிகைப் பூ வாசம், இன்னொரு பக்கம் சூடேறிய பிளாஸ்டிக் வாசம். கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றுவதற்கென்றே சிவப்புக் கார் மாதிரி ஒரு சிறிய இயந்திரம் வைத்திருந்தார். அது நாள் முழுக்க உய்யென்று கத்திக்கொண்டிருக்கும். சுற்றாமல் திருப்பிக் கொண்டுவருபவர்களை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, பல் விளக்காமல் வந்தவர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, நடுவில் அந்தந்தப் படத்துக்கு எங்கள் இதழில் வந்த விமர்சனத்தை வெட்டி ஒட்டிவிடுவார். பக்கத்தில் கயிற்றில் ஒரு பேனா தொங்கும். கேசட்டைத் திருப்பிக் கொடுப்பவர்கள் சுற்றி இருக்கும் வெள்ளையில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுதினால்தான் அடுத்த படம். "ஓசியிலயா படம் பாத்தீங்க? ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க" என்பார். வாடகை கொடுத்துத்தானே பார்த்தோம் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அந்தப் போலீஸ் படம் வந்தபோது தாள் போதாமல் அதன் அடியிலேயே இரண்டாவது தாளையும் சேர்த்து ஒட்ட வேண்டியதாயிற்று. படத்துக்குப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தேக்காவில் 'அந்தப் போலீஸ் படம்' என்றால் போதும். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சிற்றூர். புதிதாக வேலைக்கு வரும் இளம் சப் இன்ஸ்பெக்டர், மேலிருந்து கீழ்வரை லஞ்சத்துக்குக் கை நீட்டும் ஒரு காவல் நிலையம், பொய் வழக்கில் பிடித்துக்கொண்டு வரப்படும் ஒரு லாரி ஓட்டுநர். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது. படம் முழுக்க வியர்வையும் புழுதியும்தான். நம் ஆட்கள் திகைத்துப்போனார்கள்.

சுவரில் இருந்தவை இன்னும் ஞாபகம் இருக்கின்றன. "குடும்பத்தோட பாக்க முடியல. என் வீட்டுக்காரர் மட்டும் ரெண்டு தடவ பாத்தார்." "சண்டை பத்தல லா." "பாட்டு எங்கே? நானா வெட்டிட்டாரா?" தமிழாசிரியர் ஒருவர் அழகான கையெழுத்தில் 'கொச்சை மொழி மலிந்துள்ளது' என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். அவருக்குக் கீழேயே ஒரு டாக்சி ஓட்டுநர், "வாத்தியாரே, போலீஸ்காரன் இலக்கணமா அடிப்பான்?" என்று கேட்டிருந்தார். காக்கிச் சட்டையில் பொத்தான் தப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர் ஒருவர். தையற்கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில், கட்டம் கட்டி, முறைக்கும் கண்ணோடு, நான்.

அந்த விமர்சனம் எழுதிய கதையைச் சொல்கிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்ளுங்கள், நியாயம்தான்.

நான் அப்போது துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் தட்டச்சர். விமர்சனம் எழுதுவது வார இறுதி வேலை. திங்கட்கிழமை காலைக்குள் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரப் படம் ஒரு கேசட்டில் அடங்காது என்று நானா இரண்டாகப் பிரித்துத்தான் வைத்திருப்பார், ஒன்று, இரண்டு என்று மேலே ஒட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது முதல் கேசட் மட்டும் இருந்தது. இரண்டாவதை எடுத்துப்போன குடும்பம் அதைக் கைப்பையோடு தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி ஜொகூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

"மொதப் பாதியப் பாருங்க தம்பி. மிச்சத்த நான் சொல்றேன்" என்றார் நானா.

சொன்னார். அவரும் பார்த்திருக்கவில்லை, அவருடைய மச்சான் சொன்னதைத்தான் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. "லாரிக்காரனோட அம்மா ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கிம் தம்பி. கையில சோத்துக் கேரியரு. ஒம்பது நாளு! ஒரே அழுகை. பாக்க சகிக்காது."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் பாதியைப் புகழ்ந்தேன். இரண்டாம் பாதிக்கு வந்ததும் கழுகு சிறகை விரித்துவிட்டது. "ஒன்பது நாட்கள் ஒரு தாய் காவல் நிலைய வாசலில் நிற்பாளா? அவளது ஓயாத ஒப்பாரியால் நடப்பியல் படம் நாடகமாகிவிடுகிறது. இது நம்ப முடியாத மிகை" என்று எழுதினேன். கடைசியில், "முடிவைச் சொல்லி வாசகரின் ஆவலைக் கெடுக்க விரும்பவில்லை" என்று பெருந்தன்மையோடு முடித்தேன். தெரிந்தால்தானே சொல்வதற்கு!

யாரும் கண்டுபிடிக்கவில்லை. படம் பார்த்தவர்கள் வந்து என் கட்டத்தைப் படித்தார்கள், சிலர் ஆமாம் போட்டார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் ஒப்பாரி என்ற சொல் ஒருவருக்கும் உறுத்தவில்லை. தமிழ்ப் படத்தில் அம்மா என்றால் அழத்தானே செய்வாள்? அழாத அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக்கூட அழுத மாதிரிதான் ஞாபகம் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு பிற்பகல். சந்து முழுக்கக் கூட்டம். புதிதாக ஒரு வரி சுவரில் இருந்தது. என் விமர்சனத்துக்கு நேர் கீழே, பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்கள்.

"படத்தில் அம்மா அழவில்லை. எங்கள் அம்மாவும் அழவில்லை. பதினொரு நாள்."

நானா என் முகத்தைப் பார்க்காமல், மூலையில் நின்றிருந்தவரைக் கண்ணால் காட்டினார். மாணிக்கம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். ஒரே ஒரு நல்ல சட்டை இருப்பவர்கள் அதைத் தேய்த்திருக்கும் விதமே தனி. அப்படித் தேய்த்த சட்டை.

அவரும் நானும் பக்கத்துப் பரோட்டாக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தது. அவர் குடிக்காமல் குவளையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ரெண்டாவது கேசட்டப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. அப்பாடா என்பதுபோல் மூச்சு விட்டார்.

"அதானே. பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு சொன்னார். ஊரில் அவருடைய அண்ணன் மணல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ செய்த திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா தினமும் சோறு கட்டிக்கொண்டு போய் நிலைய வாசலில் நின்றார். பதினோராவது நாள்தான் மகனைக் கண்ணால் பார்த்தார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. இவர் கடல் தாண்டி வந்து கப்பலுக்கு இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கேஸுகூடப் பரவால்லண்ணே. ஊருல பாதிப் பேரு, ஒண்ணுமே பண்ணாமயா புடிச்சிட்டுப் போயிருப்பான்னு அம்மா மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க. அது கோயிலுக்குப் போறதையே விட்டுருச்சு." குவளையைத் தள்ளி வைத்தார். "உங்க பேப்பர நான் மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புவேன். தங்கச்சி படிச்சுக் காட்டும். இந்தத் தடவையும் பாக்காம அனுப்பிட்டேன்."

மாணிக்கத்தின் தாய் என் விமர்சனத்தைக் கேட்டிருப்பாள். நம்ப முடியாத மிகை என்பதை, தன் மகள் வாயால், தன் வீட்டில் உட்கார்ந்து. இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது.

"இன்னொரு தடவ எழுதுங்கண்ணே. இப்பிடியெல்லாம் நடக்குந்தான்னு நாலு வரி போதும். பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்க. அம்மா எல்லார்ட்டயும் காட்டும்."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் இரண்டாவது கேசட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தார். படத்தில் அந்தத் தாய் உண்மையிலேயே அழவில்லை. தினமும் வருகிறாள், கேரியரைக் கொடுக்கிறாள், சாயங்காலம் காலிக் கேரியரை வாங்கித் திறந்து பார்க்கிறாள். மகன் சாப்பிட்டிருக்கிறான் என்று ஒரு நிம்மதி. ஆறாவது நாள் கேரியர் கழுவித் துடைத்து வருகிறது. அதைப் பார்த்துத்தான் அவள் முகம் மாறுகிறது. தன் மகன் எந்தக் காலத்தில் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவியிருக்கிறான்? மகனை என்றோ வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சோற்றைத் தின்றது ஒரு கான்ஸ்டபிள். அதற்குப் பிறகும் மூன்று நாள் அதே சோற்றோடு வந்து நிற்கிறாள், வேறு எங்கே போவது என்று தெரியாமல். கடைசியில் அந்த நல்ல சப் இன்ஸ்பெக்டரும் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவ்வளவுதான் படம். என் அம்மா உரித்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வெங்காயத்தால்தான் கண் எரிகிறது என்றார்.

அன்றே மறு விமர்சனம் எழுதினேன். நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான். திங்கட்கிழமை ஜாலான் புசார் அலுவலகத்துக்குப் படியேறி ஆசிரியரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரே படத்துக்கு ரெண்டு விமர்சனமா? ஏன்பா? என்ன காரணம்?"

காரணம் இருந்தது. ஒரே வாக்கியம். சார், நான் இரண்டாவது பாதியைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் போட்டிருப்பார், நேர்மையான மனிதர். ஆனால் கழுகுக்கண்ணும் அன்றோடு மூடியிருக்கும். கீழே யாரோ இரும்புக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருப்பதுபோல் நின்றேன். ஓய்ந்த பிறகும் சொல்லவில்லை.

"சும்மா, இன்னொரு கோணம் சார்."

"அடுத்த படத்துல புதுக் கோணமாப் பாரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முன்பு நான் நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை இவ்வளவு தூரம் வராது. கேசட் ஜொகூர் கல்யாணத்துக்குப் போனதை மட்டும் சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைப்பேன். மீதியை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அந்தப் படத்தில் ஒரு நல்லவன் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துப் பொங்கிப்போய் எழுதியவன், அடுத்த நாளே தன் பொய்யை அப்படியே காப்பாற்றிக்கொண்டான். பெரிய லஞ்சம் எதுவும் இல்லை. வாரம் ஒரு பக்கம், மேலே ஒரு கண் படம். அதற்காகத்தான்.

அதற்கடுத்த ஞாயிறு நானா கடைக்குப் போனேன். கூட்டம் நெரித்தது. கயிற்றுப் பேனாவை எடுத்து, மாணிக்கத்தின் வரிக்குக் கீழே எழுதினேன். "நான் இரண்டாவது கேசட்டைப் பார்க்காமல் எழுதினேன். இப்போது பார்த்துவிட்டேன். அம்மா அழவில்லை. இது மிகையில்லை, நடப்பதுதான். தவறு என்னுடையது. கழுகுக்கண்." பின்னால் நின்றவர் சத்தமாகப் படித்தார். நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். "அட, அரைக்கண்ணா!" என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்ச நாள் தேக்காவில் எனக்கு அதுதான் பெயர். ஆசிரியர் வீடியோ கடைப் பக்கமே வராத மனிதர் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாணிக்கம் வந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"பேப்பர்ல வரலியாண்ணே?"

"எடம் இல்லையாம்" என்றேன். இரண்டாவது பொய்.

அவர் என் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது போதும்ணே" என்றார். போதாது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நானா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தெடுத்தார். சண்டை பத்தல, பொத்தான் தப்பு, கொச்சை மொழி, டாக்சி ஓட்டுநரின் கேள்வி எல்லாம் அதிலேயே இருந்தன. மாணிக்கம் அதை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்கு அனுப்பினாரா, அந்த அம்மா யாரிடமாவது காட்டினாரா, எனக்குத் தெரியாது. சில மாதங்களில் வேலை ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். முகவரி வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

இதையெல்லாம் காப்பிக் கடையில் கவிநயாவிடம் சொல்லி முடித்தபோது அவளுடைய காப்பி ஆறிப்போயிருந்தது.

"அங்கிள், இது ரொம்ப முக்கியம். அந்த ஷீட்டோட ஃபோட்டோ ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"கடை?"

கடை எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். சுவரை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை கம்பியில் உறைகள் தொங்குகின்றன. நானாவும் இல்லை. ஆசிரியர் இல்லை, இதழும் நின்றுவிட்டது. பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதினால்தான் அடுத்த படம் என்று மிரட்ட இப்போது யாரும் இல்லை. கைப்பேசியில் விரலால் நட்சத்திரத்தைத் தொட்டால் முடிந்தது. என் விமர்சனம் மட்டும் நூலகத்தில், குளிரூட்டிய அறையில், பத்திரமாக இருக்கிறது.

"நீ எழுதிக்கோம்மா. கழுகுக்கண் ரெண்டாவது கேசட்டப் பாக்கலன்னு. நானே சொன்னேன்னு போடு."

அவள் தயங்கினாள். நல்ல பெண். என் மனம் நோகக் கூடாது என்று வார்த்தை தேடுவது தெரிந்தது.

"நான் நம்புறேன் அங்கிள். ரியலி. ஒரு ஃபுட்நோட்டா போடுறேன். பட் மெயின் சாப்டர்ல ரிவ்யூதான் வரும். நீங்க இப்பச் சொல்றது மட்டும் போதாது லா." மடிக்கணினியை மெல்ல மூடினாள். "பேப்பர்ல வந்திருந்தாத்தான்..."